மூக்கையா அடித்த முளை

மாசி 22, திங்கள்

இது என் நோட்டு. என் பெயர் சொரிமுத்து. வயது எழுபத்திரண்டு. கொத்தனார் வேலை பார்த்தவன். இவ்வளவையும் நானே எழுதினேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.

சாயங்கால வகுப்பில் பதினாலு பொம்பளைகள். ஆம்பிளை நான் ஒருத்தன். ஆறு மாதத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்க வந்துவிட்டது. ரெஜினா டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்து, தினமும் நடந்ததை எழுதச் சொன்னார்கள்.

"எனக்கு என்னத்த டீச்சர் நடக்கு? காலைல கஞ்சி, மத்தியானம் சோறு."

"அதையே எழுதுங்க ஐயா. கஞ்சிக்குத் தொட்டுக்க என்னன்னும் எழுதுங்க."

தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம்.

மாசி 23, செவ்வாய்

பஸ்ஸில் எழுதியிருந்த ஊர்ப் பெயரை வாசித்தேன். சங்கரன்கோவில். வாசித்து முடித்து நிமிர்ந்தபோது பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போனேன். வருத்தம் இல்லை.

மாசி 25, வியாழன்

கோயிலில் கூட்டம். எங்கள் தெருச் சிவன் கோயிலுக்குத் திருப்பணி செய்யப் போகிறார்கள். வெளியூரிலிருந்து ஒரு ஸ்தபதி வந்திருந்தார். போனில் திசை பார்த்துக்கொண்டு கருவறை வாசலில் நின்றார். வெளியே போய்ப் பார்த்தார். மறுபடி உள்ளே வந்தார். அவர் முகம் சரியில்லை.

"சன்னதி நேர் கிழக்கு பாக்கலை. வடக்கே ஒன்பதரைப் பாகை திரும்பியிருக்கு" என்றார்.

ஒன்பதரைப் பாகை என்றால் எவ்வளவு என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நாற்பது அடிக் கயிறு என்றால் முனையில் ஆறே முக்கால் அடி விலகியிருக்கும். அந்தக் கணக்கு எப்படியோ எனக்கு உடனே வந்துவிட்டது.

நாற்பத்தோரு வருடமாக யாரும் கவனிக்கவில்லை. கோயிலைப் பார்த்துத் தெருவைப் போட்டார்கள். தெருவைப் பார்த்து வீடுகளைக் கட்டினார்கள். எல்லாம் சேர்ந்து திரும்பியிருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை.

கமிட்டித் தலைவர் குத்தாலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார். "இந்தத் தெருவுக்கு என்ன நல்லது நடந்திருக்கு, சொல்லுங்க பாப்போம். இப்பல்லா காரணம் தெரியுது."

கோயிலைக் கட்டியது மூக்கையாக் கொத்தனார். அவர் இறந்து பதினாறு வருடம் ஆகிறது. அவருக்குக் கீழே வேலை செய்தவர்களில் உயிரோடு இருப்பது நான் மட்டும்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, அன்னைக்குக் கயிறு பிடிச்சது யாரு?" என்று குத்தாலிங்கம் கேட்டார். கயிறு பிடிப்பது என்றால் கட்டடத்துக்குத் திசை பார்த்துக் கோடு எடுப்பது.

கேட்டதற்குப் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்தேன். இன்று வெயில் அதிகம்.

மாசி 26, வெள்ளி

வகுப்புக்குப் பெரிய தெரு வழியாகச் சுற்றிப் போனேன். கீழத்தெரு வழியாகப் போனால் பக்கம். ஆனால் அங்கே நாய்த் தொல்லை.

மூக்கையாவின் மகள் உலகம்மாளின் வீடும் கீழத்தெருவில்தான் இருக்கிறது. வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருப்பாள். என்னைப் பார்த்தால் "சித்தப்பா, பள்ளிக்கூடமா?" என்று கேட்பாள்.

மாசி 28, ஞாயிறு

கமிட்டி முடிவு செய்துவிட்டது. இந்தச் சித்திரை விசு முடிந்ததும் கருவறையைப் பிரித்துவிட்டு நேர் கிழக்குப் பார்த்துக் கட்டப் போகிறார்கள்.

இன்னொன்றும் முடிவு செய்தார்கள். இந்த வருடம் கயிற்று மரியாதை கிடையாது.

அது என்னவென்று எழுத வேண்டும். சித்திரை முதல் நாளை நாங்கள் விசு என்போம். அன்று காலையில் சூரியன் கிளம்பும்போது வெளிச்சம் வாசல் வழியாக நேரே போய்ச் சாமி மேல் விழும். அப்போது பூசாரி முதல் விபூதியையும் ஒரு கண்டுப் புதுக் கயிற்றையும் கோயிலுக்குக் கயிறு பிடித்த வீட்டாருக்குக் கொடுப்பார். எந்த ஊரிலும் முதல் மரியாதை பெரிய வீட்டுக்குப் போகும். எங்கள் தெருவில் அது கொத்தனார் வீட்டுக்குப் போகும். மூக்கையா இருந்தவரை அவர் வாங்கினார். பிறகு உலகம்மாள் வாங்கினாள். புருஷன் இல்லாதவள், பீடி சுற்றுகிறவள். வருடத்தில் அந்த ஒரு காலைதான் ஊர் அவளுக்கு வழிவிட்டு நிற்கும்.

"குடிச்சுட்டுக் கயிறு பிடிச்சவன் வீட்டுக்கு என்ன மரியாதை?" என்று குத்தாலிங்கம் சொன்னாராம். பிரமு தண்ணீர்க் குழாயடியில் கேட்டு வந்து சொன்னாள். பிரமு என் மனைவி.

"ஏங்க, மூக்கையா அண்ணன் வேலைல இருக்கும்போது தொட மாட்டாருல்லா?"

"சாயங்காலம் உண்டு" என்றேன்.

"நான் வேலைல இருக்கும்போதுன்னு கேட்டேன்."

கத்திரிக்காய் நறுக்கிக் கொடுத்தேன்.

பங்குனி 1, புதன்

இன்று வகுப்பில் நடந்ததை எழுத இரண்டு பக்கம் வேண்டும்.

டீச்சர் ஒரு சின்னப் புத்தகம் கொண்டு வந்து, ஆளுக்கு ஒரு வரி வாசிக்கச் சொன்னார்கள். என் முறை வந்தது. 'மார்ச் இருபத்தொன்றாம் தேதியை ஒட்டிப் பகலும் இரவும் சமமாக இருக்கும். அன்று சூரியன் நேர் கிழக்கில் உதிக்கும்.' தடுக்காமல் வாசித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகுதான் நான் வாசித்தது என்னவென்று எனக்கு உறைத்தது.

"டீச்சர், இது தப்பால்லா போட்டிருக்கு. பகலும் ராத்திரியும் சமமா வாரது சித்திரை விசு. இன்னும் ஒரு மாசம் கிடக்கே."

"புத்தகம் சரிதான் ஐயா. உங்க விசுவும் ஒரு காலத்துல சரியா இருந்துச்சு."

டீச்சர் ஒரு பம்பரத்தை மேசையில் சுற்றிவிட்டார்கள். அது ஓயப்போகும்போது தலை மெல்ல வட்டம் போட்டது. பூமியும் அப்படித் தலையாட்டுகிறதாம். ஒரு சுற்று முடிய இருபத்தாறாயிரம் வருடம் ஆகுமாம். நம்முடைய தமிழ் மாதக் கணக்கு, சூரியன் எந்த நட்சத்திரக் கூட்டத்துக்குள் நுழைகிறது என்பதை வைத்து எழுதியது. பகலும் இரவும் சமமாவது பூமியின் சாய்வைப் பொறுத்தது. ஆதியில் இரண்டும் ஒரே நாளில் வந்தன. பூமி தலையாட்டியதில் எழுபத்திரண்டு வருடத்துக்கு ஒரு நாள் வீதம் பிரிந்துவிட்டன. இப்போது இருபத்து நான்கு நாள் இடைவெளி.

எழுபத்திரண்டு வருடம் என்றால் என் வயது. நான் பிறந்து இத்தனை மண் சுமந்து, இத்தனை சுவர் எழுப்பி, கிழவனானதற்குள் அது ஒரே ஒரு நாள்தான் நகர்ந்திருக்கிறது. அப்படி எத்தனை சொரிமுத்துகள் வரிசையாக வாழ்ந்து செத்தால் இருபத்து நான்கு நாள் ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

"எங்க ஈஸ்டரும் அந்தச் சம நாளை வச்சுத்தான் ஐயா" என்றார்கள் டீச்சர். "அதுக்கப்புறம் வார பௌர்ணமி, அதுக்கப்புறம் வார ஞாயிறு. முன்னாடி அந்தக் கணக்கும் தவறிப்போச்சு. நானூத்து நாப்பது வருஷம் முன்ன ஒரு போப்பாண்டவர் பத்து நாளைத் தூக்கிட்டாரு. நாலாந்தேதி படுத்தவங்க எந்திரிச்சது பதினஞ்சாந்தேதி."

"அந்தப் பத்து நாள் கூலிய யாரு குடுத்தா?" என்று கேட்டேன். பதினாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் பாலத்துச் சுவரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

பங்குனி 2, வியாழன்

கஞ்சி ஆறிப் போனது. பிரமு காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பங்குனி 3, வெள்ளி

மூக்கையா கிழக்கு எடுத்த விதத்தை எழுதி வைக்கிறேன். எனக்குப் பிறகு இது தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இல்லை.

தரையைத் தண்ணீர் விட்டுச் சமம் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு கம்பை நட்டு, தூக்குக்குண்டு பிடித்து நேராக்க வேண்டும். கம்பைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். காலையில் கம்பின் நிழல் நீளமாக இருக்கும். சுருங்கி வந்து அதன் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். மத்தியானத்துக்குப் பிறகு நிழல் மறுபக்கம் நீண்டு வட்டத்தைத் தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளிக்கும் கயிறு பிடித்தால் அது கிழக்கு மேற்கு. எந்த மாதத்திலும் எடுக்கலாம்.

மூக்கையா மாசியில் மூன்று நாள் இப்படி எடுத்தார். மூன்று நாளும் ஒரே கோடு விழுந்தது. கருவறை வாசலின் நடு வரும் இடத்தில் ஒரு முளை அடித்தார். அதிலிருந்து கிழக்கே நாற்பதாவது அடியில் இன்னொரு முளை. மரத்தில் இல்லை, கல்லில். "இதுக்கு நேரா வச்சா விசு அன்னைக்குச் சூரியன் தானா வந்து சாமிய கும்பிடும்லே" என்றார். விசுவும் சம நாளும் ஒன்று என்றுதான் அவரும் நினைத்தார். ஊரே அப்படித்தான் நினைத்தது.

பிறகு கிழக்கு முளை இடம் மாறியது. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினோம். கோயில் எழும்பியது.

பங்குனி 6, திங்கள்

நாளைக்குச் சம நாள். முற்றத்தைச் சாணி போட்டு மெழுகி, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். மூன்றடிக் கம்பு ஒன்று நட்டேன்.

"வடகம் போட எடம் கேட்டா இல்லேங்கிய. கம்புக்கு மட்டும் மொத்த முத்தமும் வேணுமோ?" என்றாள் பிரமு.

"ஒரு நாள் பொறு பிள்ள."

"அந்தக் கம்பு உங்களுக்கு என்ன சொல்லப் போகுது?"

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பங்குனி 7, செவ்வாய்

விடியும்முன் கோயிலுக்குப் போய்க் கருவறை வாசலில் கிழக்கே பார்த்து நின்றேன். பூசாரி இன்னும் வரவில்லை. சூரியன் வாசலுக்கு நேரே வரவில்லை. வலது பக்கம், மண்டபத் தூண்களுக்கு வெளியே, அரளிச் செடிக்கு மேலே கிளம்பியது.

வீட்டுக்கு வந்தேன். எட்டு மணியிலிருந்து நாலு மணி வரை, மணிக்கு ஒரு தடவை, நிழலின் நுனியில் ஒரு செங்கல் சில்லு வைத்தேன். ஒன்பது சில்லுகள். மற்ற நாட்களில் அந்த நுனி வில் மாதிரி வளைந்து போகும். அதை வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். இன்று ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். ஒன்பது சில்லும் கயிற்றை ஒட்டி நின்றன. நூல் பிடித்த மாதிரி நேர்.

புத்தகம் சரி. சம நாள் இன்றுதான். மூக்கையா எடுத்த கிழக்கும் சரி.

கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். எழுத ஆரம்பித்த பிறகும் இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

முளை தானாக இடம் மாறாது. மாற்றியது நான்.

அந்த வருடம் விசு அன்று மூக்கையா ஊரில் இல்லை. அக்காள் வீட்டுக்குப் போயிருந்தார். சூரியன் முளைக்கு நேரே வரும், பார்க்கலாம் என்று ஆசையாக நான் மட்டும் விடியற்காலையில் போனேன். வரவில்லை. இடது பக்கம் எங்கேயோ கிளம்பியது. மூக்கையாவுக்குக் கணக்குத் தவறிவிட்டது என்று நினைத்தேன். சாயங்காலப் பழக்கம் காலையிலும் வந்துவிட்டது போல என்றும் நினைத்தேன். எனக்கு முப்பத்தோரு வயது. அவரைவிடக் கெட்டிக்காரன் என்ற எண்ணம் இருந்தது. கயிற்றைச் சூரியனுக்கு நேரே இழுத்து, புதிதாக ஒரு முளை அடித்தேன். பழைய முளையைத் தலையில் தட்டி மண்ணுக்குள் இறக்கி மூடினேன். இரண்டுக்கும் நடுவே அளந்தேன். ஆறே முக்கால் அடி.

அவர் மூன்றாம் நாள் வந்தார். கயிற்றின் ஓரத்தில் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரி, வானத்தத் தோண்டு" என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வைகாசியில் நான் வேலைக்கு மலையாளம் போய்விட்டேன். எட்டு வருடம் ஊர்ப்பக்கம் வரவில்லை. அங்கே கூலி அதிகம் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

பங்குனி 8, புதன்

இன்று வகுப்புக்குப் போகவில்லை.

பங்குனி 10, வெள்ளி

உலகம்மாளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் எழுதிய முதல் கடிதம். நேரில் சொல்ல வாய் வராது. எழுத்துக்கு வாய் வேண்டாம், முகமும் வேண்டாம். கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடலாம். எழுத்துப் படித்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.

பங்குனி 12, ஞாயிறு

கீழத்தெரு வழியாகவே போனேன். நாய் ஒன்றும் இல்லை.

உலகம்மாள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கடிதத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"என்ன சித்தப்பா இது?"

"லெட்டர். ஒனக்குத்தான் எழுதியிருக்கேன் தாயி. நான் வாரேன்."

"நில்லும். எனக்கு வாசிக்கத் தெரிஞ்சா நான் ஏன் பீடி சுத்துதேன்? நீருல்லா படிச்ச ஆளு. நீரே வாசியும்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் நானும் அப்படி இருந்தவன்தானே! எழுத வந்ததும், உலகத்துக்கே வாசிக்க வந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

நின்றுகொண்டே வாசித்தேன். நானே எழுதிய எழுத்து, ஆனாலும் ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டியிருந்தது. 'முளையை மாற்றியது நான்' என்ற வரியில் தடுக்கியது. இரண்டு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவள் கை முதலில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

முடித்தேன். சுற்றி முடிக்காத பீடியை முறத்தில் வைத்தாள்.

"அன்னைக்குக் கூட்டத்துல குத்தாலிங்கம் ஒம்மகிட்ட என்ன கேட்டான்?"

"கயிறு பிடிச்சது யாருன்னு."

"நீரு என்ன சொன்னீரு?"

"மூக்கையான்னு சொன்னேன்."

"அதுக்கு மேல?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அவருக்குப் பழக்கம் உண்டும்லான்னு சொல்லலியா? என் காதுக்கு வரலைன்னு நெனச்சீரா? நீரு மாத்துனத நீரு மறந்திருக்கலாம். வயசாயிட்டு. இந்த வார்த்தைய எதுக்குச் சொன்னீரு?"

இன்றுவரை இந்த நோட்டில்கூட நான் அதை எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

"எங்கிட்ட வாசிச்சா எனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றாள். "ஊருக்கு வாசியும்."

பங்குனி 14, செவ்வாய்

பிரமுவிடம் சொன்னேன். "நாப்பத்தோரு வருஷமாவா?" என்று கேட்டாள். பிறகு பாத்திரம் கழுவினாள். இரண்டு தடவை கழுவினாள்.

பங்குனி 16, வியாழன்

வகுப்பு. கூட்டல் கணக்கு. எல்லாம் தப்பு.

பங்குனி 19, ஞாயிறு

கூட்டம். ஸ்தபதியும் வந்திருந்தார். கருவறையை எந்த நாளில் பிரிப்பது என்று பேச்சு. நான் எழுந்து நின்றேன். கடிதம் சட்டைப்பையில் இருந்தது, எடுக்கவில்லை.

"அரளிச் செடிக்கு அடில தோண்டுங்க" என்றேன்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"தோண்டுங்க. ரெண்டாந்தடவ சொல்ல வைக்காதீக."

மண்வெட்டியை நானே வாங்கி மண்ணைக் கிளறினேன். மூச்சு வாங்கியது. பிறகு வேறொருவர் வாங்கிக்கொண்டார். முழ ஆழத்தில் டங்கென்று சத்தம் கேட்டது. கல் முளை. தலையில் உளியால் போட்ட கூட்டல் குறி அப்படியே இருந்தது. ஸ்தபதி கருவறை வாசலின் நடுவிலிருந்து அந்த முளைக்குக் கயிறு பிடித்து, போனை வைத்துப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார்.

"நேர் கிழக்கு. அரைப் பாகைகூடத் தப்பில்லை. இதை எடுத்தவர் யாரு?"

"மூக்கையா" என்றேன். "எடுத்தது அவரு. கெடுத்தது நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். பழக்கம் என்று சொன்னதையும் சொன்னேன். அவர் வேலையில் இருக்கும்போது ஒரு நாளும் தொட்டதில்லை என்றும் சொன்னேன். உலகம்மாள் பெண்கள் பக்கம் கடைசியில் நின்றாள்.

குத்தாலிங்கம் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் ஸ்தபதியிடம் கேட்டார். "இப்ப நேரா மாத்திக் கட்டுனா, விசு அன்னைக்குச் சூரியன் சாமி மேல விழுமா?"

ஸ்தபதி யோசித்தார். "விழாது. பங்குனி ஏழுல விழும்."

கூட்டத்தில் ஒரே இரைச்சல். "பங்குனி ஏழுல யாருய்யா வருவா? விசுவுக்குத்தான எம் பிள்ளைக மெட்ராஸ்லேருந்து வருதுக" என்றாள் ஒருத்தி. "சாமிக்குத் திசை முக்கியமா, நாள் முக்கியமா?" என்றார் ஒருவர். "ரெண்டும் ஒண்ணுன்னுதானவே இம்புட்டு நாளும் சொன்னீங்க?" என்றார் இன்னொருவர். பம்பரம், எழுபத்திரண்டு வருடம் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். கருவறையைப் பிரிக்க வேண்டாம், விசு சூரியன் வந்தால் போதும் என்று முடிவானது.

நான் உட்காரப் போனேன். அப்போதுதான் குத்தாலிங்கம் சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினார்.

"அப்பக் கோயில் நிக்கிற கயிறு ஒம்ம கயிறுல்லா! விசு சூரியன இங்க கூட்டிட்டு வந்ததே நீருதான். கயித்து மரியாதை இனிமே ஒம்ம வீட்டுக்கு அண்ணாச்சி."

கை தட்டினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். உலகம்மாள் இருந்த இடத்தில் இல்லை.

பங்குனி 20, திங்கள்

கீழத்தெருவுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருந்து சொன்னாள்.

"கோணக் கோயில்னா அது எங்கப்பன் கயிறு. சரியான கோயில்னா ஒம்ம கயிறு. நல்லா வாசிக்கீரு சித்தப்பா."

பங்குனி 21, செவ்வாய்

குத்தாலிங்கம் வீட்டுக்குப் போய் எனக்கு மரியாதை வேண்டாம் என்றேன். "கமிட்டி போட்ட தீர்மானத்த மாத்த முடியாது. வாங்காட்டா இந்த வருஷத்தோட அந்த வழக்கமே நின்னுரும்" என்றார். மோர் கொடுத்தார். புளிப்பு.

பங்குனி 26, ஞாயிறு

டீச்சர் வீட்டில் ஈஸ்டர். வகுப்பு முழுக்கப் போனோம். கேக் கொடுத்தார்கள். சம நாள், வியாழக்கிழமை பௌர்ணமி, அடுத்து ஞாயிறு. கணக்குச் சரியாக இருந்தது. நானே விரல் விட்டுப் பார்த்தேன்.

"முகம் ஏன் ஐயா வாடியிருக்கு?" என்று டீச்சர் கேட்டார்கள். சொன்னேன்.

"அந்த அம்மாவுக்கு அவங்க அப்பா போட்ட கோடு தெரியுமா? கண்ணால பாத்திருக்காங்களா?"

"கோடு எங்க இருக்கு டீச்சர்? முளைதான் இருக்கு."

சொல்லிவிட்டுக் கேக்கைத் தின்ன மறந்து உட்கார்ந்திருந்தேன்.

பங்குனி 30, வியாழன்

நாளைக்கு விசு. சட்டை துவைத்தாயிற்று. இன்று எழுத்து பெரிது பெரிதாக வருகிறது. டீச்சர் பார்த்தால் கோட்டுக்குள் எழுதச் சொல்வார்கள்.

சித்திரை 1, வெள்ளி

கோயில் நிறைந்திருந்தது. பிரமு என் பக்கத்தில் நின்றாள். உலகம்மாள் உள்ளே வரவில்லை. மண்டபத்துக்கு வெளியே, அரளிச் செடியடியில், முளைக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். வராமல் இருந்துவிடுவாளோ என்று நினைத்திருந்தேன்.

சூரியன் கிளம்பியது. வெளிச்சம் வாசலுக்கு வந்து, படியேறி, உள்ளே போய்ச் சாமி மேல் விழுந்தது. எல்லாரும் தலைக்கு மேல் கை கூப்பினார்கள். இந்தக் கோயிலில் விசு அன்று முதல் தடவையாக நான் சூரியனைப் பார்க்கவில்லை.

பூசாரி கூப்பிட்டார். "கயிறு பிடிச்ச வீட்டுக்காரங்க வாங்க."

போனேன். விபூதியையும் புதுக் கயிற்றுக் கண்டையும் தட்டோடு வாங்கினேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. வீட்டுக்கும் கொண்டு போகவில்லை. கயிற்றின் ஒரு நுனியைப் பிரித்துப் பிரமுவிடம் கொடுத்தேன். "வாசலுக்கு நடுவுல வச்சு அமுக்கிப் பிடி" என்றேன். ஏன் என்று கேட்காமல் அவள் குந்தி உட்கார்ந்து பிடித்தாள். கண்டைப் பிரித்துக்கொண்டே நடந்தேன். கூட்டம் விலகியது. "அண்ணாச்சி, எங்க போறீரு?" என்று குத்தாலிங்கம் சத்தம் போட்டார். இரண்டு தூணுக்கு நடுவே இறங்கி அரளிச் செடிக்கு வந்தேன்.

உலகம்மாளிடம் விபூதித் தட்டை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. தரையில் வைத்தேன். கயிற்றின் மறு நுனியை நீட்டினேன்.

"இது மாசில மூணு நாளு வெயில்ல நின்னு ஒங்கப்பா போட்ட கோடு தாயி. அன்னைக்கு நான் மூடிட்டேன். முளைல வச்சுப் பிடி. பாரு."

அவள் என்னைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். அது தரையில் வளைந்து கிடந்தது. மண்டபத்திலிருந்து யாரோ இருமினார்கள்.

பிறகு குனிந்து நுனியை வாங்கி, கூட்டல் குறியின் மேல் வைத்துப் பெருவிரலால் அழுத்தினாள். மற்றக் கையால் விபூதியைத் தொட்டுப் பூசிக்கொண்டாள். நான் கயிற்றின் நடுப்பகுதிக்குப் போய் அதைத் தரையிலிருந்து தூக்கினேன். அவள் ஒரு கண்ணை மூடி, கயிற்றின் ஓரமாகக் கருவறைப் பக்கம் பார்த்தாள். அவர் பார்த்த மாதிரியே இருந்தது.

"தொய்யுது சித்தப்பா" என்றாள். "பிரமு சித்திய நல்லா இழுத்துப் பிடிக்கச் சொல்லும்."

சொன்னேன். பிரமு இழுத்தாள். கயிறு நேரானது.